சீன மாயப் போர்க்கலைத் திரைப்படங்கள்: ஈர்ப்பும் குறைபாடும்

ஆய்வுச்சுருக்கம்

சீனமொழித் திரையுலகில் ‘வூஷியா’ எனப்படும் அறவீரர் படங்களுள் மாயக்கூறு மிக்கவை தனியொரு வகைமையாக வளர்ந்துள்ளன. வாளேந்தியோர் கூரைகளின்மீதும் மூங்கில் நுனிகளின்மீதும் பறந்து பொருதும் இப்படங்களைச் சிறுபிள்ளை வேடிக்கை என ஒதுக்குவோரும் உளர். திரைக்கலையின் அழகியல் உச்சம் எனப் போற்றுவோரும் உளர். ஒரே வகைமை இவ்வாறு முரண்பட்ட இரு மதிப்பீடுகளைப் பெறுவதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. மாயத்திறனுக்காகக் கதைமாந்தர் கொடுக்கும் விலையே இவ்வகைமையின் ஈர்ப்புக்கு அடிப்படை என்பதும், அவ்விலை தள்ளுபடி செய்யப்படும் இடத்தில் குறைபாடு தொடங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: வூஷியா, ஜியாங்ஹு, அறவீரர், மாயப்புனைவு, கிங் ஹூ, சுய் ஹார்க், கணினி வரைகலை

முன்னுரை

மாயப்புனைவு எம்மொழியில் தோன்றினும் ஒரு வினாவைச் சந்தித்தே தீரவேண்டும். இயல்பிறந்த ஆற்றல் ஒருவர்க்கு வாய்த்துவிட்டால், அவர்க்கு நேரும் இடர்ப்பாடு எவ்வாறு இடர்ப்பாடாகும்? பறக்க வல்லார்க்கு மதில் தடையன்று. உள்ளங்கையால் மலையைப் பிளப்பார்க்குப் பகைவர் படை பொருட்டன்று. இவ்வினாவுக்குச் சீனமொழிப் படங்கள் தந்த விடைகள் பல. அவற்றுள் சில காலங்கடந்து நிற்கின்றன. சில வெளிவந்த ஆண்டிலேயே நகைப்புக்கு இடமாயின. இவ்வேறுபாட்டைத் தொழில்நுட்ப வளர்ச்சியைக் கொண்டோ பொருட்செலவைக் கொண்டோ விளக்க இயலாது. கம்பியும் புகையும் கொண்டு எடுக்கப்பட்ட பழைய படங்கள் நம்பத்தக்கனவாகவும், பெரும்பொருட்செலவில் கணினியால் உருவாக்கப்பட்டவை நம்பத்தகாதனவாகவும் தோன்றுவதே அதற்குச் சான்று.

சொல்லும் கருத்தும்

‘வூ’ என்பது போர்த்திறத்தையும், ‘ஷியா’ என்பது பிறர்பொருட்டுத் தன்னுயிரைப் பொருட்படுத்தாத வீரரையும் குறிக்கும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த சட்டநெறிச் சிந்தனையாளர் ஹான் ஃபெய், படைக்கலம் கொண்டு சட்டத்தை மீறும் இவர்களை அரசை அரிக்கும் ஐவகைப் பூச்சிகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். கி.மு. முதல் நூற்றாண்டில் தம் பெருவரலாற்று நூலை நிறைவுசெய்த சிமா சியென், இவர்களுக்கெனத் தனி இயலே வகுத்தார். இவர்தம் செயல் அரசநெறிக்கு மாறாயினும் சொன்ன சொல் தவறாமை, இடுக்கண் உற்றார்க்கு உதவல், உதவியதைச் சொல்லிக்காட்ட நாணுதல் ஆகிய பண்புகள் போற்றத்தக்கன என்பது அவர் துணிபு. ஆகவே, ஷியா என்னும் கருத்து தோற்றத்திலேயே ஒரு வழக்கைச் சுமந்து நிற்கிறது. அரசின் சட்டத்துக்கும் தனிமனிதர் அறத்துக்கும் இடையிலான வழக்கு அது.

இவ்வீரர் உலவும் வெளி ‘ஜியாங்ஹு’ எனப்படும். ‘ஆறுகளும் ஏரிகளும்’ என்பது அதன் சொற்பொருள். அரண்மனைக்கும் குடும்பத்துக்கும் புறத்தே, விடுதிகளும் மடங்களும் கள்வர் பதுங்கிடங்களும் கொண்ட இணையுலகம் அது. அதற்கெனத் தனி முறைமைகளும் கடன்களும் பழிவாங்கும் நெறிகளும் உண்டு.

ஹாங்காங் திரைமரபில் கைக்கலப்பை முதன்மையாகக் கொண்டவை குங்ஃபூ படங்கள் எனவும், வாளையும் பழங்காலப் பின்புலத்தையும் கொண்டவை வூஷியா படங்கள் எனவும் பொதுவாகப் பகுக்கப்படுகின்றன. பின்னதன் ஒரு கிளையே தெய்வமும் பூதமும் மந்திரவாளும் விரவிய மாயப்படங்கள். எனினும், இவற்றுக்கிடையே உறுதியான எல்லைக்கோடு இல்லை. ‘சிங்குங்’ எனப்படும் உடலை இலேசாக்கும் வித்தை ஏறத்தாழ எல்லா வூஷியா படங்களிலும் இடம்பெறுகிறது. தமிழ்ச் சித்தர் மரபு பேசும் அட்டமா சித்திகளுள் ஒன்றாகிய இலகிமா இங்கு நினைவுக்கு வரலாம். ஆயினும் இலகிமா யோகத்தால் எய்தும் சித்தி. சிங்குங் தசைக்கும் மூச்சுக்கும் தரும் பயிற்சியின் நீட்சியாகக் கதைகளில் காட்டப்படுவது. இவ்வேறுபாடு பின்வரும் விவாதத்துக்கு இன்றியமையாதது.

தடையும் தொடர்ச்சியும்

1928இல் ஷாங்காயின் மிங்ஷிங் நிறுவனம் வெளியிட்ட ‘செந்தாமரைக் கோயில் எரிப்பு’ இவ்வகைமையின் முதற்பெரும் வெற்றி. ஜாங் ஷிச்சுவான் இயக்கிய இப்படம், ஷியாங் கைரானின் தொடர்கதையைத் தழுவியது. 1931ஆம் ஆண்டுவரை 18 பகுதிகளாக நீண்டது. அவற்றுள் ஒன்றும் இன்று எஞ்சவில்லை. அக்காலத்து மாயப்படங்களுள் கிடைப்பனவற்றில் குறிப்பிடத்தக்கது ‘ரெட் ஹீரோயின்’ (1929). படையெடுப்பில் சிறைப்பட்டு அல்லலுற்ற ஏழைப்பெண் ஒருத்தி, வித்தை கற்று முகில்வழியே மீண்டு வந்து கொடியோரை ஒறுப்பதே அதன் கதை.

1931இல் கோமிந்தாங் அரசின் தணிக்கைக் குழு இப்படங்களைத் தடைசெய்தது. மூடநம்பிக்கையைப் பரப்புவன, அறிவியலுக்கு ஒவ்வாதன என்பன கூறப்பட்ட காரணங்கள். அரசின் பகைவராயிருந்த இடதுசாரியினரும் இவற்றை ஏற்றனர் அல்லர். புகழ்பெற்ற நாவலாசிரியர் மாவ் துன், 1933இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய படங்களைச் சிறுநகர மாந்தரின் நிலவுடைமைக் கலை எனச் சாடினார். வறுமைக்கும் ஒடுக்குமுறைக்கும் விடிவை வானிலிருந்து இறங்கும் வீரரிடம் எதிர்பார்க்கச் செய்யும் மயக்கமருந்தாக அவற்றைக் கண்டார். ஆனால் அதே கட்டுரை, வீரர்கள் பொருதும்போது அரங்கத்தில் எழும் ஆரவாரத்தையும், பார்வையாளர் அதைப் படமாகக் கருதாது மெய்ப்போராகவே கொண்டு தம்மை மறப்பதையும் பதிவுசெய்துள்ளது. ஈர்ப்பையும் குறைபாட்டையும் ஒருங்கே கண்ட முதல் திறனாய்வுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

தடையினால் வகைமை அழியவில்லை. தெற்கே ஹாங்காங்குக்குப் பெயர்ந்தது. 1955 முதல் 1972 வரை ஜின் யோங் எழுதிய தொடர்கதைகள் அதற்குப் புதிய இலக்கியத் தகுதியை அளித்தன. 1964இல் வெளிவந்த ‘புத்தர் உள்ளங்கை’ என்னும் கான்டனீயப் படவரிசையில், வீரர் கையினின்று பாயும் ஒளிக்கற்றைகள் படச்சுருளின்மீதே வரையப்பட்டன. 1966இல் கிங் ஹூவின் ‘கம் டிரிங்க் வித் மீ’, 1967இல் சாங் செவின் ‘ஒன்-ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்’ ஆகியவை ஷா சகோதரர்கள் நிறுவனத்தின்வழி வந்து மரபைப் புதுக்கின. 1983இல் சுய் ஹார்க் இயக்கிய ‘ஜூ: வாரியர்ஸ் ஃப்ரம் தி மேஜிக் மவுண்டன்’ மாயக்கூறுகளுக்கு மறுவாழ்வளித்தது. 2000இல் ஆங் லீயின் ‘கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்று, இம்மரபை உலகப் பார்வையாளரிடம் கொண்டு சேர்த்தது.

ஈர்ப்பின் அடிப்படைகள்

*உடலின் கனம்*

பறத்தல் ஈர்ப்பதற்குக் காரணம், பறப்பவர் கனமுடையவர் என்பதைப் பார்வையாளர் அறிந்திருப்பதே. கிங் ஹூ இதனை நன்கு உணர்ந்தவர். பீக்கிங் இசைநாடகப் பயிற்சிபெற்ற ஹான் யிங்ஜியேயின் துணையுடன், மறைவான குதிபலகைகளைக் கொண்டு நடிகரைத் துள்ளச் செய்து, அத்துள்ளலை மிகக் குறுகிய காட்சித் துணுக்குகளாக வெட்டி இணைத்தார். பாய்ச்சலின் தொடக்கம் ஒரு துணுக்கு. இலைகளிடையே விரையும் ஆடை ஒரு துணுக்கு. தரைதொடும் பாதம் ஒரு துணுக்கு. முழுமையாகக் காட்டப்படாத பாய்ச்சலைப் பார்வையாளரின் மனமே நிறைவுசெய்கிறது. கண்ணுக்கு எட்டாத விரைவு என்னும் உணர்வு இக்குறைக்காட்சியினால் விளைவது என்பதைத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் விரிவாக விளக்கியுள்ளார்.

‘கிரவுச்சிங் டைகர்’ படத்தின் மூங்கில்வனப் போர் வேறு வழியைக் கையாள்கிறது. நடிகர் மெய்யாகவே பாரந்தூக்கிகளிலிருந்து கம்பிகளால் தொங்கவிடப்பட்டனர். கணினி செய்த பணி பெரும்பாலும் கம்பிகளை அழித்தது மட்டுமே. மூங்கில் வளைகிறது, காற்று ஆடையை இழுக்கிறது, கால் வழுக்குகிறது. சண்டை வடிவமைப்பாளர் யூவென் வூ-பிங் அமைத்த அக்காட்சியில் மாயம் இயற்கை விதியை ஒழிக்கவில்லை. அதனோடு இழுபறி நிகழ்த்துகிறது.

*கல்வியும் சுவடியும்*

இம்மரபில் ஆற்றல் பிறப்பால் வருவதன்று, கற்றுப் பெறுவது. ஆசிரியர், சுவடி, நீண்ட பயிற்சி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். ‘கிரவுச்சிங் டைகர்’ படத்தில் ஜேட் ஃபாக்ஸ் என்பவள் வூதாங் மடத்தின் சுவடியைத் திருடுகிறாள். எழுத்தறியாத அவளால் படங்களை மட்டுமே பின்பற்ற முடிகிறது. அவளுடைய மாணவியாகிய உயர்குடிப் பெண் ஜென், எழுத்தைப் படித்துணர்ந்து, தான் ஆசிரியையைக் கடந்துவிட்டதை ஆண்டுக்கணக்கில் மறைக்கிறாள். பெண் என்பதால் முறையான கல்வி மறுக்கப்பட்டவளின் சினமும், தான் வளர்த்த பெண்ணே தன்னை ஏய்த்தாள் என்னும் துயரமும் கலந்தே ஜேட் ஃபாக்ஸ் கொடியவளாகிறாள். வாள்வீச்சைக் காட்டிலும் கூர்மையான முரண் இது. மாயத்திறனை எழுத்தறிவோடும் கல்வியுரிமையோடும் பிணைத்ததால், கதை வேடிக்கையினின்று உயர்கிறது.

இவ்விலை மேலும் கொடியதாக அமையும் கதையும் உண்டு. ஜின் யோங் 1967 முதல் 1969 வரை எழுதிய தொடர்கதையில் இடம்பெறும் சூரியகாந்திச் சுவடி, ஒப்பற்ற வித்தையைக் கற்பிக்கிறது. ஆனால் கற்பவன் முதலில் தன் ஆண்மையை நீக்கிக்கொள்ளவேண்டும். மூலக்கதையில் சிறிதே இடம்பெறும் துங்ஃபாங் பூபாய் என்னும் மாந்தரை, ‘ஸ்வோர்ட்ஸ்மேன் 2’ (1992) படம் மையத்துக்குக் கொணர்ந்து, பிரிஜிட் லின் என்னும் நடிகையை அவ்வேடத்தில் நடிக்கவைத்தது. ஆட்சி வேட்கையும் காதலும் உருமாற்றமும் ஒன்றையொன்று மறுதலிக்கும் அம்மாந்தரே படத்தின் உயிர்நாடி.

*அறக்கடன்*

கிங் ஹூவின் ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தில், போரறியாத எழுத்தர் ஒருவர், பாழடைந்த கோட்டையில் பேய் உலவுவதாக வதந்தி பரப்பி, பொறிகள் அமைத்து, பெரும்படையை வீழ்த்துகிறார். மறுநாட்காலை தம் சூழ்ச்சியின் திறத்தை எண்ணிச் சிரித்தபடியே பொறிகளைப் பார்வையிடுகிறார். அடுத்த கணம் சிதறிக் கிடக்கும் பிணங்கள் கண்ணில் படுகின்றன, சிரிப்பு உறைகிறது. மாயத்தோற்றத்தில் மகிழ்ந்த பார்வையாளரும் அவரோடு சேர்ந்தே அப்பிணக்காட்சியை எதிர்கொள்ள நேர்கிறது. மாயத்துக்கு அடியில் மெய்யான சாவு கிடக்கிறது என்பதைக் காட்டியதனாலேயே, படத்தின் இறுதியில் துறவியின் புண்ணிலிருந்து பொன்னிறக் குருதி வழியும் அற்புதம் நம்பிக்கைக்கு உரியதாகிறது. 1975இல் கான் திரைப்பட விழாவில் இப்படம் உயர் தொழில்நுட்பக் குழுவின் பெரும்பரிசைப் பெற்றது.

குறைபாடுகள்

*கனமிழந்த உடல்*

கணினி வரைகலை கம்பியை அழிக்கும் கருவியாக இருந்தவரை உடல் எஞ்சியது. அது உடலையே வரையத் தொடங்கியபோது எதிர்நிலை விளைந்தது. சுய் ஹார்க் தம் பழைய படத்தின் உலகத்துக்குத் திரும்பிய ‘தி லெஜண்ட் ஆஃப் ஜூ’ (2001) இதற்குச் சான்று. அதில் வீரர்கள் ஒளிப்பிழம்புகளாக மோதுகின்றனர்; ஒரு கை மற்றொரு கையைத் தொடும் இடங்கள் அரிது. சென் கைகெயின் ‘தி பிராமிஸ்’ (2005) படத்தில், வெருண்டோடும் எருதுக்கூட்டத்தை அடிமையொருவன் ஓட்டத்தில் விஞ்சும் காட்சி வியப்புக்காக அமைக்கப்பட்டது, நகைப்பையே விளைவித்தது. அப்படத்தைப் பகடி செய்து இளைஞர் ஒருவர் வெளியிட்ட இணையக் குறும்படம் சீனாவெங்கும் பரவியது. ஓடும் கால் மண்ணை மிதிக்கவில்லை என்பதைக் கண் உணர்ந்துவிட்டால், எவ்வளவு விரைவும் விரைவாகாது.

*எல்லையற்ற ஆற்றல்*

ஆற்றலின் வரையறை முன்கூட்டியே உணர்த்தப்படாத கதையில், வெற்றியும் தோல்வியும் கதாசிரியரின் விருப்பாகவே தோன்றும். ‘கம் டிரிங்க் வித் மீ’ போன்ற சிறந்த படமும் இக்குறையினின்று முற்றிலும் தப்பவில்லை. அதன் விடுதிக்காட்சியில் செங் பெய்-பெய் ஏற்ற கோல்டன் ஸ்வாலோ, அமர்ந்த நிலையிலேயே பகைவரின் சூழ்ச்சிகளைச் சிறு அசைவுகளால் முறியடிக்கிறாள். அங்கு ஒவ்வோர் அசைவும் கணக்குக்குட்பட்டது. ஆகவே இறுக்கம் மிகுகிறது. படத்தின் இறுதியிலோ இரு ஆடவர் உள்ளங்கையினின்று பாயும் ஆற்றலால் மோதுகின்றனர். அளவு தெரியாத ஆற்றல் அளவு தெரியாத ஆற்றலோடு மோதும்போது, பார்வையாளர்க்கு முடிவை எதிர்நோக்குவதன்றி வேறு பணியில்லை.

*சுருக்கத்தால் நேரும் சிதைவு*

இப்படங்களின் மூலங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வெளிவந்த தொடர்கதைகள். 1932இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீண்ட ஷு மலை வாள்வீரர் கதையே 1983ஆம் ஆண்டின் ‘ஜூ’ படத்துக்கு அடித்தளம். காரணமின்றிப் பொரும் படைகளிடமிருந்து தப்பிய போர்வீரன் ஒருவன் மாயமலைக்குள் விழுகிறான். தன் நீண்ட புருவங்களால் குருதிப்பூதத்தைக் கட்டிவைத்துள்ள முதியவர், 49 நாள்களுக்குள் இரட்டைவாளைத் தேடிக் கொணருமாறு பணிக்கிறார். ஹாங்காங்கின் எதிர்காலம் குறித்துப் பிரித்தானியாவும் சீனாவும் பேச்சு நடத்திய காலத்தில் வெளிவந்த இப்படத்தில், நாள் குறிக்கப்பட்ட பேரழிவும் ஒன்றுபட மறுக்கும் தரப்பினரும் ஆழ்ந்த பொருள் தந்தன. எனினும், புதிய மாந்தர் ஒருவர் அறிமுகமாகி, அவர் துயரம் மனத்தில் பதியுமுன்பே மறைகிறார். காட்சிவளம் கதைவளத்தை விழுங்கிவிடுகிறது.

*பெண் வீரரின் எல்லை*

பெண்களுக்குப் பெருவீரர் வேடம் அளித்த வகையில் இவ்வகைமை பிற நாட்டுப் போர்ப்படங்களைவிட முற்பட்டது. தாங் காலக் கதையாகிய நியே யின்னியாங் முதல் ‘ரெட் ஹீரோயின்’ வழியாக இம்மரபு தொடர்கிறது. ஆனால் திறனுற்ற பெண்ணை இறுதிவரை நிலைநிறுத்தக் கதைகள் தயங்குகின்றன. கோல்டன் ஸ்வாலோ பின்பகுதியில் ஆடவனின் துணைமாந்தராகச் சுருங்குகிறாள். ஜென் மலையுச்சியிலிருந்து பாய்கிறாள். துங்ஃபாங் பூபாய் வீழ்கிறாள். நியே யின்னியாங் கதையைப் படமாக்கிய ஹூ சியாவ்-சியெனின் ‘தி அசாசின்’ (2015) ஒரு விலக்கு. கொல்ல வல்ல பெண், கொல்லாமையைத் தானே தேர்ந்து, ஆணையிட்ட ஆசிரியையை விட்டு நீங்கித் தன் வழியே செல்கிறாள்.

*அரசுக்கு அடங்கும் வீரர்*

ஜாங் யீமோவின் ‘ஹீரோ’ (2002) வண்ணங்களாலும் சிங் சியூ-துங்கின் சண்டை அமைப்பாலும் பெரும்புகழ் பெற்றது. சின் அரசனைக் கொல்ல அண்மிய வீரன், வானத்தின் கீழ் உள்ள அனைத்தும் ஒன்றுபட வேண்டும் என்னும் கருத்துக்காக வாளைத் தாழ்த்தி, தானே அம்புகளுக்கு இரையாகிறான். வல்லாட்சிக்கு அறநியாயம் வழங்கும் படம் என இது கண்டிக்கப்பட்டது. அரசனின் கொடுமைக்கு ஆளான மக்கள் படத்தில் முகம்பெறவில்லை என்பது அக்கண்டனத்துக்கு வலுச்சேர்க்கிறது. அந்தச் சின் அரசனே ஹான் ஃபெய்யின் எழுத்துகளைப் படித்து வியந்தவன் எனச் சிமா சியென் குறிப்பது இங்குக் கருதத்தக்கது. சட்டத்துக்கும் தனியறத்துக்கும் இடையிலான பழைய வழக்கில் ஹான் ஃபெய்யின் பக்கமே தீர்ப்பளிக்கும் வூஷியா படமாக ‘ஹீரோ’ அமைந்துவிடுகிறது.

*புனைவு வரலாறாதல்*

மாயக்கதைகள் வரலாறாகக் கொள்ளப்படுதல் மற்றொரு குறை. ஷாவோலின் போர்க்கலையைப் போதிதருமர் தோற்றுவித்தார் என்னும் நம்பிக்கை இதற்கு எடுத்துக்காட்டு. அவரைப் பற்றிய தொடக்கக்காலக் குறிப்புகளுள் யாங் ஷுவான்சியின் நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. தான்லின் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். இரண்டும் போர்க்கலை பற்றிப் பேசவில்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டினது என்பது ஆய்வாளர் முடிவு. சீன வரலாற்றறிஞர் தாங் ஹாவ் 1930ஆம் ஆண்டிலேயே இத்தொன்மத்தை மறுத்தார். எனினும் ஷாவோலின் படங்கள் அதனை உலகெங்கும் பரப்பின. தமிழில் ‘7ஆம் அறிவு’ (2011) அதனைப் பல்லவ இளவரசரின் வரலாறாகவே முன்வைத்தது. புனைவாகச் சுவைக்கத்தக்கது பெருமிதத்துக்கான சான்றாக மாறும்போது, உண்மையும் புனைவும் ஒருங்கே இழப்புறுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட குறைகள் அனைத்தும் ஒரு வேரினின்று கிளைப்பன. உடலின் கனம் நீக்கப்படுதல், கல்வியின் காலம் சுருக்கப்படுதல், கொலையின் பழி துடைக்கப்படுதல் ஆகியவை மாயத்துக்குரிய விலையைத் தள்ளுபடி செய்யும் வழிகளே. பெண் வீரரின் வீழ்ச்சியோ விலையை ஒருசாரார்மீதே சுமத்துவது; அரசனுக்காக மடியும் வீரனின் முடிவோ விலையைப் பெறுபவர் யார் என வினவாமல் விடுவது. தொன்மம் வரலாறாக வழங்கும் இடத்தில், சான்று தேடுதல் என்னும் அறிவின் விலை தவிர்க்கப்படுகிறது.

1931ஆம் ஆண்டின் தடை, மாயத்தையே குற்றமாகக் கண்டது. ‘எ டச் ஆஃப் ஜென்’, ‘தி அசாசின்’ போன்ற படங்கள் அத்தீர்ப்பு பிழையானது என்பதைக் காட்டுகின்றன. பறக்கும் வீரரைக் கண்டு ஆரவாரித்த ஷாங்காய் மக்களின் வேட்கை, தம்மைக் காவாத சட்டத்துக்கு அப்பால் ஓர் அறம் உண்டு என்னும் வேட்கை. அதற்கு மதிப்பளிக்கும் படம், அவ்வறத்தைக் காக்க ஒருவர் எதை இழக்கவேண்டும் என்பதையும் காட்டும். இவ்வகைமையை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் பாய்ச்சலின் உயரத்தில் இல்லை. தரை தொடும் பாதத்தின் கனத்தில் உள்ளது.